800 டாலர் ரோபோ எம்ஐடியை முந்தியது எப்படி: 2004 சான்டா பார்பரா போட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

நாலு ஏழைப் பசங்க, கையில் 800 டாலர், பிளம்பிங் கடை பைப், எதிரில் அமெரிக்காவின் பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடி, கடைசியில் ஜெயித்தது பசங்கதான். இந்தக் கதை ஏதாவது ஒரு ரூபத்தில் உங்கள் கண்ணில் பட்டிருக்கும், ஊக்கப் பேச்சுக்காரர்கள் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் கதைகளில் ஒன்று. கதை பொய்யில்லை. ஆனால் இப்படிச் சொல்லி முடித்துவிட்டால் அவர்கள் ஏன் ஜெயித்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வறுமை யாருக்கும் மதிப்பெண் வாங்கித் தராது, நடுவர்கள் இரக்கப்பட்டுக் கோப்பையைத் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. ரோபோவை எப்படி யோசித்தார்கள், போட்டியில் மதிப்பெண் எதற்கெல்லாம் விழுந்தது, பரிசு வாங்கியதற்கு அப்புறம் என்ன ஆனது என்பதை வரிசையாகப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

முதலில் இடமும் ஆட்களும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரின் மேற்குப் பகுதி, கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி. மாணவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பெரும்பாலான வீடுகளில் வருமானம் குறைவு. சுற்றிலும் பாலைவனம், கடல் பக்கத்தில் எங்கேயும் கிடையாது. இங்கே கணினி ஆசிரியர் ஆலன் கேமரூனும் கடல் அறிவியல் பாடம் எடுத்த ஃப்ரெடி லஜ்வர்தியும் சேர்ந்து ஒரு ரோபோ அணியை நடத்தி வந்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் ரோபோ போட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது டீன் கேமன் 1989-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு. அதன் போட்டிகளில் இந்தப் பள்ளியின் அணிக்கு எண் 842. அது தரையில் ஓடும் ரோபோக்களுக்கான போட்டி. 2004-ல் அவர்கள் இறங்கியது வேறொன்றில்: மேட் எனப்படும் கடல்சார் தொழில்நுட்பக் கல்வி மையம் நடத்திய, தண்ணீருக்கு அடியில் வேலை செய்யும் ரோபோக்களுக்கான போட்டி. நாசாவும் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிப் பிரிவும் இதற்கு ஆதரவு கொடுத்தன. ஜூன் மாதம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாக நீச்சல் குளத்தில் நடந்தது.

அணியில் நால்வர். கிறிஸ்டியன் ஆர்செகா கணக்கில் புலி. லொரென்சோ சந்தில்யான் கார் பழுதுபார்க்கும் வேலையைப் பார்த்துப் பார்த்துக் கைப்பழக்கம் வந்தவன். ஆஸ்கர் வாஸ்கெஸ் பள்ளியின் ராணுவப் பயிற்சிப் பிரிவில் இருந்தவன், கட்டளை போடவும் வேலை வாங்கவும் தெரிந்தவன். லூயிஸ் அராந்தா பெரிய உருவம், அதிகம் பேசமாட்டான், ரோபோவைத் தூக்கித் தண்ணீரில் இறக்க அப்படி ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

இந்தப் போட்டியில் இரண்டு பிரிவுகள். உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒன்று, கல்லூரிகளுக்குக் கடினமான ஒன்று. ஆசிரியர்கள் இருவரும் கல்லூரிப் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். அசட்டுத் துணிச்சல் போலத் தெரியும், ஆனால் அவர்கள் போட்ட கணக்கு எளிது: பள்ளிகளோடு மோதிக் கடைசியில் வந்தால் பசங்க மனசு உடைந்துவிடும், கல்லூரிகளோடு மோதிக் கடைசியில் வந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற நினைப்பே அதில் இல்லை. அந்தப் பிரிவில் எம்ஐடி 12 மாணவர்களோடு வந்திருந்தது, பெரிய எண்ணெய் நிறுவனத்தின் ஸ்பான்சர், 10,000 டாலரைத் தாண்டிய பட்ஜெட்.

அந்த 800 டாலரைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அது நன்கொடையாகத் திரட்டிய பணம். ஆனால் இந்தக் கதையை "குறைந்த செலவில் நிறைவான ரோபோ" என்று தலைப்புப் போட்டு விற்பவர்கள் விட்டுவிடுவது என்னவென்றால், இரண்டு ஆசிரியர்கள் பள்ளி முடிந்தபின்னும் விடுமுறையிலும் சம்பளமில்லாமல் போட்ட நேரம் அந்த 800-க்குள் வராது. பசங்க நிபுணர்களுக்கும் நிறுவனங்களுக்கும் போன் போட்டு, நாங்கள் பள்ளிக்கூடப் பசங்க, இப்படி ஒன்று செய்கிறோம், இது எப்படி வேலை செய்யும் என்று கேட்டுக் கேட்டு வாங்கிய ஆலோசனையும் வராது. பணம் இல்லாதது அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பணம் இல்லை, அதனால் கேட்கப் பழகினார்கள். வெட்கப்படாமல் கேட்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பைப்பிலிருந்து தொடங்கிய யோசனை

தண்ணீருக்கடியில் ஓடும் ரோபோவுக்கு உடம்பு எதில் செய்வது? உலோகச் சட்டம் வாங்கிக் கடைந்து எடுக்கக் காசு இல்லை. பிவிசி பைப் மலிவு, எங்கேயும் கிடைக்கும், வெட்டிச் சொல்யூஷன் தடவிச் செருகினால் சட்டம் தயார். அப்புறம் வயர்களைப் பைப்புக்குள்ளேயே ஓட்டிவிடலாம், தனியாக நீர்புகாத உறை தேவையில்லை. இதுவரைக்கும் எந்தப் பள்ளிக்கூட அணியும் யோசிப்பதுதான்.

ஆனால் பைப்புக்குள் காற்று இருக்கிறது, காற்று மிதக்கும். கிறிஸ்டியன் பைப்புகளின் உள்ளளவைக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், இதை அப்படியே தண்ணீரில் விட்டால் மூழ்காமல் மேலேயே நிற்கும் என்று தெரிந்துபோனது. ஒரு லிட்டர் காற்று என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்குவிசை, அவ்வளவுதான் கணக்கு. அதை ஈடுகட்ட எடை சேர்க்க வேண்டும். சாதாரணமாக என்ன செய்வார்கள், ஈயக்கட்டியையோ இரும்பையோ அடியில் கட்டித் தொங்கவிடுவார்கள். இவர்கள் கேட்டது வேறு: எப்படியும் எடை வேண்டும், சும்மா கிடக்கும் எடை எதற்கு, பேட்டரியையே உள்ளே வைத்தால் என்ன?

மற்ற அணிகளின் ரோபோக்களில் பெரும்பாலும் பேட்டரி கரையில் இருக்கும், மின்சாரம் கேபிள் வழியாகக் கீழே போகும். குறைந்த வோல்டேஜில் ஓடும் மோட்டாருக்கு நீளமான கேபிளில் கரண்ட் அனுப்பினால் பாதி வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும், அதைத் தடுக்க வேண்டுமானால் தடித்த செம்புக் கம்பி வேண்டும். தடித்த கேபிளோ தண்ணீரில் கனமாக இழுபட்டு ரோபோவைத் திரும்பவிடாமல் பிடித்து இழுக்கும். நீர்மூழ்கி ரோபோ ஓட்டுபவர்கள் அதிகம் திட்டுவது இந்தக் கேபிளைத்தான். பேட்டரி உள்ளே வந்துவிட்டால் கேபிளில் மின்சாரமே போக வேண்டாம், கட்டளையும் கேமரா படமும் போனால் போதும், கேபிள் ஒல்லியாகிவிடும். ரோபோ இஷ்டத்துக்குத் திரும்பும்.

காசு இல்லாததால் பைப், பைப் மிதந்ததால் எடை, எடைக்காகப் பேட்டரி, பேட்டரியால் ஒல்லியான கேபிள் என்று ஒரு முடிவு அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது, இந்த மொத்த நிகழ்விலும் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்த இடத்தைத்தான், ஏனென்றால் நல்ல வடிவமைப்பு என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய் இன்னொரு தொல்லையும் சேர்ந்து தீர்வது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. பேட்டரி இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் ஆட்டம் முடிந்தது. பட்ஜெட் உள்ள அணிகள் எடுக்கத் தயங்கும் ரிஸ்க் அது, பொருள் போனால் திரும்ப வாங்கக் காசில்லாத இவர்கள் எடுத்தார்கள்.

சட்டத்துக்கு நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் பெயின்ட். எந்தப் பைப் எந்த வேலைக்கு என்று பார்த்த உடனே தெரிவதற்காக அது. பிவிசி சொல்யூஷன் நாற்றம் தாங்காமல் ரோபோவுக்கு ஸ்டிங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்த பளபளப்பான ரோபோக்களுக்கு நடுவில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பலூன் வேலை

போட்டியில் கொடுத்த பணிகள் மூழ்கிக் கிடக்கும் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை ஆராய்வது போன்ற அமைப்பில் இருந்தன. குளத்தின் அடியில் மாதிரிக் கப்பல். அதன் நீளத்தை அளக்க வேண்டும், ஆழத்தைச் சொல்ல வேண்டும், கேப்டனின் மணியை மீட்டு மேலே கொண்டுவர வேண்டும், இப்படி ஏழு வேலைகள். கடினமானது திரவ மாதிரி எடுப்பது: 12 அடி ஆழத்தில் ஒரு கலன், அதற்குத் திறப்பு அரை அங்குலக் குழாய் ஒன்றுதான், அதன் வழியாக 500 மில்லி திரவத்தை உறிஞ்சி எடுத்து வர வேண்டும்.

இவர்கள் செய்த கருவி வளைத்த செம்புக் குழாய், ஒரு சின்ன பம்ப், ஒரு சாதாரண பலூன். செம்புக் குழாயைக் கலனின் வாயில் செருகுவது, பம்ப் உறிஞ்சுவது, பலூன் நிறைவது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பலூனுக்குப் பதில் ஒரு பாட்டிலை வைத்துப் பாருங்கள். காலிப் பாட்டிலில் காற்று இருக்கும், அது ரோபோவை ஒரு பக்கம் தூக்கும், திரவம் நிறைய நிறையக் காற்று வெளியேறி எடை மாறும், ரோபோ சாயும், ஓட்டுபவன் அதைச் சமாளித்துக்கொண்டே அரை அங்குல ஓட்டையைக் குறிவைக்க வேண்டும். சுருங்கிய பலூனில் காற்றே கிடையாது. உள்ளே வரும் திரவம் சுற்றியிருக்கும் தண்ணீரின் அடர்த்திக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஆக நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் சமநிலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். சில காசுக்குக் கிடைக்கும் பொருள், அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. எம்ஐடியின் ரோபோ இந்தப் பணியில் கோட்டைவிட்டது. ஸ்டிங்கி 500 மில்லியையும் எடுத்து வந்தது.

ஒழுகிய பெட்டி

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கண்டம். சான்டா பார்பராவில் பயிற்சிக்காக ரோபோவை இறக்கியபோது அது சொன்னபடி கேட்கவில்லை. மேலே எடுத்துப் பார்த்தால் பேட்டரியும் மின்னணுப் பாகங்களும் இருந்த பெட்டிக்குள் தண்ணீர். 12 அடி ஆழம் பெரிய ஆழமில்லைதான், இருந்தாலும் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 5 பவுண்டுக்கு மேல் கூடுதல் அழுத்தம் வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருந்தால் போதும். மறுபடி புதுப் பெட்டி செய்ய நேரமும் இல்லை, காசும் இல்லை. பெட்டிக்குள் வந்து சேரும் வயர்களோ முடி முடியாக நிறைய, அவற்றை மறுபடி சால்டர் செய்தாக வேண்டும். விடுதி அறையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்த வேலையை முடித்தார்கள்.

சால்டர் செய்தாகிவிட்டது, ஒழுகல் அப்படியே இருக்கிறது. இங்கே அவர்கள் பிரச்சினையை மாற்றிப் போட்டார்கள். தண்ணீர் உள்ளே வருவதைத் தடுக்க முடியவில்லையா, சரி, வரட்டும், சர்க்யூட் பலகையைத் தொடாமல் இருந்தால் போதும். சின்ன இடத்துக்குள் அடங்கி, நிறைய உறிஞ்சி, உறிஞ்சியதைக் கசியவிடாமல் பிடித்துவைக்கும் பொருள் எது? டாம்பன். மாதவிடாய்க்கு என்றே, இந்த மூன்று குணங்களையும் வைத்துத் தயாரிக்கப்படும் பொருள். கடைக்குப் போனது லொரென்சோ. எது நன்றாக உறிஞ்சும் என்று தெரியாமல் அலமாரிமுன் நின்று, அங்கே சாமான் வாங்க வந்திருந்த ஒரு பெண்ணிடமே விஷயத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்தான். பதின்வயதுப் பையன் ஒருவனுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! நிபுணர்களுக்குப் போன் போட்டுக் கேட்ட அதே பழக்கம்தான் இங்கேயும் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் டாம்பன்களை அடுக்கினார்கள், போட்டி முடியும்வரை சர்க்யூட் நனையவில்லை.

கதையில் எல்லாருக்கும் பிடித்த இடம் இதுதான், இதை வைத்து சினிமாப் படம் எடுத்தவர்களுக்கும்கூட. எனக்கு இதைவிட அந்த சால்டரிங் ராத்திரி பெரிதாகத் தெரிகிறது. டாம்பன் யோசனை வர ஒரு நிமிஷம் போதும், தூக்கக் கலக்கத்தில் அத்தனை வயரையும் சரியான இடத்தில் சரியாகப் பற்றவைக்க வேறு ஏதோ வேண்டும்.

மதிப்பெண் எங்கே விழுந்தது

குளத்தில் ஸ்டிங்கி எல்லாப் பணியையும் முடித்து எல்லாரையும் தோற்கடித்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. நீருக்கடிப் பணிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் எம்ஐடி இவர்களுக்கு முன்னால் இருந்தது. ஆனால் மொத்த மதிப்பெண்ணில் குளம் ஒரு பகுதிதான். எழுத்தில் கொடுக்கும் தொழில்நுட்ப அறிக்கைக்கு மதிப்பெண் உண்டு, நடுவர்கள் முன்னால் உட்கார்ந்து ரோபோவைப் பற்றிப் பதில் சொல்வதற்கும் உண்டு.

அந்த நேர்காணலில்தான் இவர்கள் எழுந்து நின்றார்கள். ஸ்லைடு போட்டுக் காட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது, வாய்தான். தூரத்தை எப்படி அளக்கிறீர்கள் என்றால் கிறிஸ்டியன் லேசர் தூரமானியைப் பற்றிச் சொன்னான், அது எப்படி அளக்கிறது, தண்ணீருக்குள் அந்த அளவு ஏன் தப்பாக வரும், அதை எப்படித் திருத்தினோம் என்பதுவரை. காற்றைவிடத் தண்ணீரில் ஒளி மெதுவாகப் போகும், ஒளிவிலகல் எண் சுமார் 1.33, காற்றுக்கென்று செய்த கருவி தண்ணீரில் தூரத்தைக் கூட்டிக் காட்டும். பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் விஷயம்தான், ஆனால் இவன் அதைத் தன் கையில் இருந்த கருவிக்காகத் தெரிந்துகொண்டவன். நான்கு பேரில் யாரைக் கேட்டாலும் பதில் வந்தது. ஆசிரியர்கள் முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருந்தார்கள், அது உண்மை, ஆனால் தான் செய்யாத ஒன்றை நடுவர் துருவித் துருவிக் கேட்டால் எந்தப் பயிற்சியும் இரண்டாவது கேள்வியைத் தாண்டாது.

நம் ஊர் அறிவியல் கண்காட்சிகளில் இது தலைகீழாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மாதிரி பிரமாதமாக இருக்கும், பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஒப்பித்துக்கொண்டிருக்கும், நடுவில் ஒரு கேள்வி போட்டால் அப்பாவைத் தேடும்.

பரிசளிப்பில் முதலில் இவர்களுக்கு நடுவர்களின் சிறப்பு விருது ஒன்று கிடைத்தது. ஆறுதல் பரிசு, அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். அப்புறம் வடிவமைப்பு நேர்த்திக்கான விருது. அப்புறம் தொழில்நுட்ப அறிக்கைக்கான விருது, அதாவது வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய ஆங்கில அறிக்கை கல்லூரிகளின் அறிக்கைகளை முந்திவிட்டது. கடைசியில் ஒட்டுமொத்தச் சாம்பியன் பட்டம். எம்ஐடி இரண்டாவது, வட கரோலைனாவின் கேப் ஃபியர் சமுதாயக் கல்லூரி மூன்றாவது.

பட்டத்துக்கு அப்புறம்

இந்த ஆய்வை இங்கேயே நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். ஆனால் அணியில் பெரும்பாலோர் சின்ன வயதில் பெற்றோரோடு மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், அமெரிக்காவில் வசிக்கச் சட்டப்படியான காகிதம் அவர்களிடம் இல்லை. வெளியூர்ப் போட்டிக்குப் போவதே அப்போது சாதாரண விஷயமில்லை. 2002-ல் இதே ஃபீனிக்ஸின் இன்னொரு பள்ளியிலிருந்து சூரியசக்திப் படகுப் போட்டிக்காக நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்குப் போன நான்கு மாணவர்களைக் குடிவரவு அதிகாரிகள் நயாகரா எல்லையில் பிடித்துவைத்தார்கள், நாடுகடத்தல் வழக்கு 2005 வரை இழுத்தது. கார்ல் ஹேடன் ஆசிரியர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

2005-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக இந்த வெற்றி நாடு முழுக்கத் தெரிந்தது. வாசகர்கள் அனுப்பிய பணத்தில் நால்வரின் படிப்புக்கு ஒரு நிதி திரண்டது. ஆனால் 2006 நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள் 300-ஆம் எண் முன்மொழிவை நிறைவேற்றினார்கள்: காகிதம் இல்லாத மாணவர்கள் அந்த மாநிலத்திலேயே வளர்ந்திருந்தாலும் அரசுக் கல்லூரியில் வெளிமாநிலத்தவருக்கான கட்டணம் கட்ட வேண்டும், அது பல மடங்கு அதிகம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த கிறிஸ்டியன் படிப்பைத் தொடர முடியாமல் வெளியே வந்தான். எம்ஐடியை முந்திய அணியின் கணக்குப் புலி கட்டுமானப் பொருள் கடையில் வேலை பார்த்தான். லொரென்சோவும் லூயிஸும் சமையல் பக்கம் போய், பிறகு சேர்ந்து கேட்டரிங் தொழில் தொடங்கினார்கள்.

ஆஸ்கரின் பாதை இன்னும் கரடுமுரடு. 2009-ல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கினான். பட்டம் இருந்தும் சட்டப்படி வேலைக்குச் சேர வழியில்லை. மனைவி அமெரிக்கக் குடிமகள், ஆகவே முறைப்படி விசா வாங்கி வருவோம் என்று தானே கிளம்பி மெக்சிகோ போனான். அங்கே போய் விண்ணப்பித்தால், இத்தனை வருஷம் காகிதமில்லாமல் இருந்ததற்காகப் 10 ஆண்டு உள்ளே வரத் தடை. ஒழுங்காக நடந்துகொள்ள முயன்றதற்கே தண்டனை என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. இல்லினாய் செனட்டர் டிக் டர்பின் செனட் சபையிலேயே இவன் கதையை எடுத்துப் பேசினார், 2010-ல் தடை விலக்கப்பட்டது, திரும்பி வந்தவன் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, குடியுரிமை வாங்கி, ஆப்கானிஸ்தானில் பணியாற்றினான். சின்ன வயதில் வந்து வளர்ந்த பிள்ளைகளை நாடுகடத்தாமல் தள்ளிவைத்து வேலைக்கு அனுமதி தரும் டாகா ஏற்பாடு 2012 ஜூனில்தான் வந்தது, சான்டா பார்பரா போட்டிக்கு எட்டு வருஷம் கழித்து.

பள்ளியின் அணி நிற்கவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் பசங்க வந்துகொண்டே இருந்தார்கள், பெண்களும் நிறையச் சேர்ந்தார்கள். 2008-ல் அணி எண் 842, ஃபர்ஸ்ட் அமைப்பின் உலகப் போட்டியில் அதன் உச்ச விருதான சேர்மன்ஸ் விருதை வாங்கியது. ஆட்டக் களத்தில் ரோபோ எடுக்கும் புள்ளிகளுக்கும் அந்த விருதுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அணி தன் பள்ளியிலும் ஊரிலும் என்ன செய்தது என்று எழுதிக் கொடுத்து, நடுவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லி வாங்க வேண்டிய விருது அது.